மெர்வ் பட்டறைக் காற்று

டல்லி என்ற ஊரில் மெர்வ் டாரன்ட்டின் பட்டறையில் டயருக்குக் காற்றடித்த கார்கள், ஆளில்லாத நேரம் பார்த்து ஒன்றையொன்று முட்டின. கடைவாசலில் நிறுத்திய வண்டி தானாக உருண்டுபோய்ப் பக்கத்து வண்டியின் மூக்கை உடைக்கும். வருஷத்தில் பாதி நாள் மழையில் ஊறுகிற கரும்பு ஊர், இதற்கெல்லாம் யார் வாயைப் பிளப்பார்கள்? கொஞ்சம் தள்ளி நிறுத்தப் பழகிக்கொண்டார்கள். அங்கே பெயின்ட் அடித்த கதவுகளிலும் ஒரே வாரத்தில் கொப்புளம் எழும்பியது. ஒவ்வொன்றும் இறுக்கி மூடிய கைமுட்டி அளவு, விரல் மடிப்போடு.

பெயின்ட் அடிப்பவள் நொலீன். அவளுக்குக் கதவைப் பற்றிக் கவலையில்லை, தம்பி ரஸ்ஸைப் பற்றித்தான். அதே பட்டறையில் டிங்கர் வேலை பார்த்தான். மெர்வ் வாயைவிடக் கையால் அதிகம் பேசுகிற பிறவி. ஸ்பேனரோ ரப்பர் சுத்தியலோ, கையில் எது கிடைத்தாலும் ரஸ்ஸின் முதுகில்தான் இறங்கும். ரஸ் பெருமூச்சு ஒன்றை விட்டுவிட்டு வேலையைப் பார்ப்பான்.

மெர்வ் மகா கஞ்சன். காற்று ஹோஸை இணைக்கிற கப்ளர்கள் இரண்டு கம்பெனி, பார்வைக்கு ஒன்றுதான், பூட்டினால் பிடிக்காது. அதைச் சுத்தியலால் தட்டிச் சொருகிக் கம்பி சுற்றிவைத்திருந்தான். ஒருநாள் காற்றழுத்தத்தில் அது பிய்த்துக்கொண்டது. ஹோஸ் எழுந்து நின்று, ஆளைத் தேடி, ரஸ்ஸின் இடது கண்ணை எடுத்துவிட்டது. மெர்வ் முதலில் குனிந்து கப்ளர் உடைந்துவிட்டதா என்றுதான் பார்த்தான்.

"யோவ் மெர்வ், நீயெல்லாம் மனுஷனாய்யா?" என்று நொலீன் கத்தினாள்.

"இன்னொரு கண்ணு இருக்குல்ல? போய் வேலையப் பாரு."

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது நொலீன் தம்பியிடம் சொன்னாள். "அடுத்தது உன் உசுருதான்டா. வா, எங்கயாவது போயிடலாம்."

"ஒத்தக் கண்ணனுக்கு யாருக்கா வேலை குடுப்பா?"

போகமுடியாதென்றால் பட்டறையையாவது திருத்துவோம் என்று இறங்கினாள். கப்ளர்களையெல்லாம் ஒரே கம்பெனியாக மாற்றினாள். இரண்டு வளைவுக் குழாய் மிச்சமாகும் என்று மெர்வ், கூரையடியில் காற்று ஓடுகிற மேல்குழாயின் அடிப்பக்கத்திலிருந்து கிளை எடுத்திருந்தான், உள்ளே திரண்ட தண்ணீரெல்லாம் நேரே பெயின்ட் துப்பாக்கிக்கு வந்தது. அதைக் குழாயின் முதுகிலிருந்து எடுத்து வளைத்து இறக்கினாள். மேல்குழாயைச் சாய்வாக்கி, கடைசியில் நீர் பிடிக்கிற கிண்ணமும் வைத்தாள். கொப்புளம் சிறுத்தது, கார்கள் முட்டுவது நிற்கவில்லை.

மிச்சம், காற்றை உறிஞ்சி அழுத்திச் சேர்க்கிற கம்ப்ரசரின் டேங்க். அதன் வயிற்றடியில் வடிகுழாய் ஒன்று உண்டு. வாங்கியதிலிருந்து யாரும் திறந்ததில்லை, குளவி கூடு கட்டியிருந்தது. நொலீன் மல்லாக்கப் படுத்து அதைத் திருகினாள்.

முதலில் துருத்தண்ணீர் வந்தது. பிறகு அடிகள் வந்தன. தாடையில், விலாவில், வாயில், மூச்சுவிட இடைவெளி இல்லாமல். ஒரு பல் தெறித்தது. விலா எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. எல்லாமே இடதுகை அடிகள். மெர்வ் வலதுகைக்காரன். சின்ன வயசில் தலையணைக்குச் சண்டை போட்ட தம்பியின் இடதுகை அவளுக்குத் தெரியாதா? ரஸ் அத்தனை வருஷமும் திருப்பி அடிக்காமல் மூச்சாக விட்டதையெல்லாம் கம்ப்ரசர் உறிஞ்சி அழுத்தி வைத்திருந்தது.

"அடப்பாவி, இவ்வளவையும் உள்ளயா வச்சிருந்தே?" என்று ரத்தத்தோடு அழுதாள்.

ரஸ் அவளைத் தூக்கி உட்காரவைத்து, விழுந்த பல்லை உள்ளங்கையில் வாங்கினான். "ஐயோ, உன்னையா அடிச்சேன்?" என்றான். அப்படியே எழுந்துபோய் மெர்வின் தாடையை ஒரே குத்தில் உடைத்தான். மெர்வ் பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே போய் விழுந்தான்.

அதற்குப் பிறகு பெயின்ட் அடித்த கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கார்களும் போட்ட இடத்தில் நின்றன.

அதிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் நொலீன் டேங்க்கை வடிக்கிறாள். தண்ணீர் தெளிவாக வந்தால் எல்லோரும் பீர் குடிக்கப் போவார்கள். சிவப்பாக வந்தால், ரஸ் இன்னும் எதையோ அடக்கிவைத்திருக்கிறான் என்று மெர்வைக் கூப்பிடுவாள். கதவில் கொப்புளம் வந்தால் நஷ்டம் அவனுக்குத்தானே, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்து நிற்பான். ரஸ் அளவாக ஒன்று வைப்பான்.

"போதுமா?" என்று மெர்வ் கேட்பான்.

நொலீன் குனிந்து வடிகுழாயைப் பார்ப்பாள்.

"இன்னும் ஒண்ணு."