கடைசியாகக் கை வைத்தவர்

1

இந்தக் கதை பிறந்தது கோபத்தில். அதுவும் வெட்கங்கெட்ட கோபம். 2009 ஆடி மாதம் ஒரு பெண், சிதம்பரத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கே தேடி வந்து, இரண்டு வரி எழுதித் தரச் சொன்னாள். நான் தரவில்லை. வீட்டுக்கு வந்து, அவள் கேட்ட விதம் சரியில்லை என்று பொருமிக்கொண்டே கதை எழுத உட்கார்ந்தேன்.

என்ன இரண்டு வரி என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு தொடக்கம் வேண்டும்.

2

'கடலூர் முதுநகரின் உப்புக்காற்று இரும்பையெல்லாம் தின்றுகொண்டிருந்த ஒரு காலையில்—'

வேண்டாம். காற்று ஒன்றும் செய்யவில்லை. (மனிதர்கள் மேல் பழி போடப் பயமாக இருந்தால் எழுதுகிறவர்கள் காற்றின் மேல் போடுவார்கள்.)

'ஞானசேகரன் தன்னுடைய பழைய டீசல் காரை ஆயில் மாற்ற விட்டிருந்தார்.'

இதுவும் வேண்டாம். ஞானசேகரன் என்று யாரும் கிடையாது. நான்கு பிரதிகளில் அந்த ஆளை நிற்க வைத்து நன்றாகத் திட்டினேன். அந்தக் கார் என்னுடையது.

3

கடலூர் முதுநகரில் தட்சிணாமூர்த்தியின் மெக்கானிக் ஷெட்டுக்கு அன்று முதல் வண்டி என் வண்டிதான். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிய பிறகுதான் பானெட்டைத் திறந்தார்கள். மெக்கானிக் அடைக்கலராஜ், பதினாறு வருஷமாக அங்கே இருப்பவர், ஆயில் எங்கே கசிகிறது என்று பார்ப்பதற்காக பெல்ட் மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், இந்த டைமிங் பெல்ட்டு..."

"மொத வண்டி, அடைக்கலம்," என்றார் தட்சிணாமூர்த்தி, கல்லா மேல் ஊதுவத்தியைச் செருகிக்கொண்டே. "வாய வச்சிடாத."*

* முதல் வண்டியைப் பார்த்து 'போயிடும்', 'அறுந்துடும்' என்று சொல்லக் கூடாது. அது அந்த ஷெட்டின் சட்டம். இரண்டாவது வண்டி வந்த பிறகு எதை வேண்டுமானாலும் சொல்லலாம். அன்று இரண்டாவது வண்டி வரத் தாமதமாகிவிட்டது.

அடைக்கலராஜ் வாயை மூடிக்கொண்டார். பழைய ஆயிலை இறக்கிப் புதியதை ஊற்றினார். சாவியைத் திருப்பினார். சடக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பெல்ட் அறுந்துவிட்டது. அது அறுந்தால் இஞ்சினுக்குள் வால்வுகள் வளைந்துவிடும், இஞ்சினையே பிரிக்க வேண்டும்.

"ஓட்டிக்கிட்டு வந்த வண்டிங்க இது," என்றேன் நான். "நல்லாத்தான வந்துச்சு."

கார் வைத்திருக்கிற எல்லோரும் இந்த வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறோம். முகம் சுளிக்காதீர்கள், நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

தட்சிணாமூர்த்தி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கடைசியா கை வச்சது யாரு?" என்றார். இது ஷெட்டின் இன்னொரு சட்டம். பெல்ட்டுக்கு எத்தனை வயது, அதை மாற்றாமல் தேய்த்தவன் யார் என்பதெல்லாம் அங்கே பேச்சே இல்லை. யார் கையில் இருக்கும்போது போனதோ, அவர் தலையில் விழும்.

"பெல்ட்டுல வெடிப்பு விட்டிருந்துச்சு மொதலாளி. சொல்ல வந்தேன்."

"வந்த. சொன்னியா?"

அடைக்கலராஜ் என்னைப் பார்த்தார். நான் செல்போனைப் பார்த்தேன்.

அந்தச் செலவு அவருடைய மூன்று மாதச் சம்பளம். அவரால் கட்ட முடியவில்லை. தட்சிணாமூர்த்தி அவரை வேலையை விட்டு நிறுத்தினார். அவருடைய ஸ்பேனர் பெட்டியை உள்ளே வைத்துப் பூட்டினார். ஒவ்வொரு ஸ்பேனராக அவர் சொந்தக் காசில் வாங்கிச் சேர்த்த பெட்டி. வெறுங்கையோடு போகிற மெக்கானிக்கை எந்த ஷெட்டிலும் சேர்க்க மாட்டார்கள். எனக்கு மட்டும் வண்டி இலவசமாகத் தயாரானது. நானே போய் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

4

(முந்தின நாள் அடைக்கலராஜ் குடித்திருந்தார் என்று ஒரு வரி எழுதிப் பார்த்தேன். கதை உடனே சுலபமாகிவிட்டது. அயோக்கியத்தனம். அடித்துவிட்டேன்.)

5

ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டே இவ்வளவு தூரம் வந்துவிட்டேன்.

பெல்ட் அறுவதற்கு மூன்று மாதம் முன்பு, பங்குனியில், சிதம்பரம் வண்டிகேட்டில் மரத்தடியில் வேலை பார்க்கும் சின்னையன் அதே மூடியைக் கழற்றிப் பார்த்திருந்தார். "சார், இது போற நெலம. இத மொதல்ல மாத்துங்க, மத்தத அப்பறம் பாத்துக்கலாம்," என்றார். அடுத்த மாதம் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். மூன்றாவது மாதம் சின்னையன் இருக்கும் பக்கமே போகவில்லை. அதனால்தான் ஆயில் மாற்றக் கடலூருக்குப் போனேன். போதுமா?

6

வந்தவள் சவரிமேரி, அடைக்கலராஜின் மனைவி. முதுநகரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"மூடியோட போல்ட்டுல புதுசா ஸ்பேனர் பட்ட தடம் இருந்துச்சாம் சார். யாரோ முன்னாடியே தொறந்து பாத்திருக்காங்கன்னு அவுரு சொல்றாரு. தொறந்து பாத்தவரு ஒங்களாண்ட சொல்லாம இருந்திருக்க மாட்டாரு."

நான் கையிலிருந்த சாக்பீஸைச் சட்டைப்பையில் போட்டேன்.

"பெல்ட்டு போவும்னு எனக்கு முன்னாடியே தெரியும்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க. வண்டிக்காரரே எழுதிக் குடுத்தா பொட்டியக் குடுத்துடறேன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அவுரு பண்ருட்டில லாரிக்கு பலாப்பழம் ஏத்தப் போறாரு சார். முதுகு தாங்கல."

"யோசிச்சு சொல்றேம்மா."

"நீங்க கத எழுதறவருன்னு வாட்ச்மேன் சொன்னாரு. இதையும் எழுதிப்புடாதீங்க. மொதலாளி கத படிக்க மாட்டாரு."

அவள் கேட்ட விதத்தில் எந்தத் தப்பும் இல்லை.

7

முடிவு ஒன்று: வாத்தியார் மனம் திருந்தி எழுதிக் கொடுக்கிறார். பெட்டி திரும்பி வருகிறது. நடக்காததை எழுதி நல்ல பெயர் வாங்கக் கை கூசுகிறது.

முடிவு இரண்டு: அடைக்கலராஜ் பூட்டை உடைத்துப் பெட்டியை எடுத்து— நிறுத்திவிட்டேன். நான் பேசாமல் இருந்ததற்கு அவரைத் திருடனாக்கப் பார்க்கிறேன்.

முடிவு மூன்று: பணம் ஒரு பிரச்சினை இல்லை, மானம்தான் பிரச்சினை என்று வாத்தியார்... பொய். கையெழுத்துப் போட்டால் இஞ்சின் செலவு முழுக்க என் தலையில் விழும். பணமும்தான் பிரச்சினை.

இரண்டு வரி கேட்டாள். நான் ஏழு பகுதிகள் எழுதியிருக்கிறேன். இதில் ஒரு வரியைக்கூட அவள் கொண்டுபோய்த் தட்சிணாமூர்த்தியிடம் காட்ட முடியாது. கீழே என் கையெழுத்து இல்லை.

முடிவை உங்களிடம் விட்டுவிட்டு நாசூக்காக எழுந்து போகலாம் என்றுதான் இருந்தேன். நாசூக்கு வேண்டாம். ஷெட் முதுநகரில், சிதம்பரம் போகும் சாலையில், பெரிய எடை மேடைக்கு அடுத்தது. காலை எட்டு மணிக்குத் திறப்பார்கள். யார் போய்ச் சொன்னாலும் தட்சிணாமூர்த்தி காதில் விழும். இன்றுவரை எல்லாம் தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். இப்போது நாம் இரண்டு பேர்.