மருமகள் வண்டி

"அண்ணே, இந்தக் காரை மட்டும் எடுத்துட்டீயன்னா கம்பை ஊனிருவேன். பெட்டிய வெயில்லயா வைக்க முடியும்?"

தெற்கேயிருந்து வந்த சாமியானாக்காரன் அய்யாத்துரை கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். சுப்பிரமணி காதில் விழாதவன்போல் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். உள்ளே கூடத்தில், ஐஸ் பெட்டிக்குள், அவனுடைய அப்பா நாகப்பன் படுத்திருந்தார். காலையில்தான் போனார். பெட்டியை வெளியே கொண்டுவந்து வைத்தால்தான் மண்ணூர் சனம் வந்து பார்க்க முடியும். வாசலை அடைத்துக்கொண்டு அந்த வெள்ளைக் கார் நின்றது.

"அது என் வூட்டுக்காரம்மா வண்டி. அவ வந்துகினு கீறா. வந்து எடுப்பா."

"சாவி அவங்ககிட்டயா இருக்கு?"

"ஆமா."

சாவி உள்ளே ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. இந்த ஒரு பொய்யை விட்டால் அவனுக்கு வேறு வழி இல்லை. இப்போது அவன் கையால் அந்த வண்டியை எடுத்தால், காலையில் ஏன் எடுக்கவில்லை என்று ஊரே கேட்கும்.

எடுக்காவிட்டால் மட்டும் கேட்காமலா இருந்தார்கள்? கிளியம்மாள் அத்தை, நாகப்பனின் தங்கை, படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டாள்.

"ஏண்டா சுப்பிரமணி, வண்டி வாசல்லயே நின்னுகினு கீது. இதுல போட்டுனு போயிருந்தா ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி இன்னா தூரமா? நீ டிரைவர்தானேடா?"

"இன்சூரன்ஸ் அவ பேர்ல கீது அத்தை. நான் ஓட்டி எங்கனா இடிச்சா ஒண்ணும் செல்லாது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். அது ஒரகடம் ஜங்ஷன்ல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல மாட்டிக்கிச்சி. நான் இன்னா பண்ணுவேன்?"

அத்தைக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாண்டுரங்கனைப் பார்த்தாள். ஊரில் பாதி வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் போட்டுத் தருகிறவர் அவர்தான். இந்தக் காருக்கும் அவர்தான் போட்டார்.

"ஆமாவா பாண்டு?"

பாண்டுரங்கன் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? ஆனது ஆயிடுச்சி" என்றார். சுப்பிரமணியின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

பார்க்காமல் விட்டாரே, அந்த மட்டும் புண்ணியம். கார் வந்த அன்றைக்கு இதே கூடத்தில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் அவர் எல்லாவற்றையும் விளக்கியிருந்தார். லைசென்ஸ் இருந்தால் புருஷன் ஓட்டலாம், தம்பி ஓட்டலாம். வண்டிக்கும் எதிரே வருகிறவனுக்கும் இன்சூரன்ஸ் நிற்கும். ஓனருடைய உயிருக்கென்று ஒரு தொகை உண்டு, அது மட்டும் ஓனரே ஓட்டினால்தான். அந்தக் கடைசி வார்த்தையைச் சுப்பிரமணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "நான் ஓட்டினா செல்லாது" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னான். சொல்லிச் சொல்லி அது அவன் வாயில் சட்டமாகவே ஆகிவிட்டது.

பொறாமைதான், வேறென்ன? சுங்குவார்சத்திரத்துக் கம்பெனிக்கு ஷிப்ட் வேன் ஓட்டிய காலத்தில்தான் தங்கமாரியைப் பார்த்தான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த பெண். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டு வருவாள். அன்றைக்கு ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது. இன்றைக்கு வேனும் இல்லை, வேனை வைத்திருந்த டிராவல்ஸும் இல்லை. அவன் ஒரு குடோனில் செக்யூரிட்டி. அவள் ஒரகடத்தில் லைன் லீடர். ஓவர்டைம் பார்த்துப் பார்த்து அவள் வாங்கிய கார் வாசலில் நின்றது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அப்பாவைத்தான் பொறுக்க முடியவில்லை. மகன் வேன் ஓட்டியபோது ஒரு நாளாவது ஏறி உட்கார்ந்திருப்பாரா மனுஷன்? "கம்பெனி வண்டி நமக்கெதுக்குடா" என்பார். மருமகள் கார் வாங்கியதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். ராமானுஜர் கோயிலுக்கு, கண் ஆஸ்பத்திரிக்கு, ஒன்றுமில்லாவிட்டால் சும்மா டீ குடிக்க. போகிற வழியில் தெரிந்தவர்களைப் பார்த்தால் கண்ணாடியை இறக்கச் சொல்லி, "என் மருமவ வண்டி" என்பார். ஒரு தடவையாவது 'எங்க வண்டி' என்று சொல்லியிருக்கலாம்.

காலையிலும் அதையேதான் சொன்னார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, மூச்சுக்கு நடுவே, "மருமவ வண்டில இட்டுனு போடா" என்றார். காரை எடு என்று மட்டும் சொல்லியிருந்தால் எடுத்திருப்பானோ என்னமோ. அந்த நேரத்திலும் மருமவ வண்டிதானா என்று சுருக்கென்றது. "இன்சூரன்ஸ் செல்லாதுப்பா, ஆம்புலன்ஸ் வந்துகினு கீது" என்று போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். அப்பா அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நாடி பார்த்துவிட்டு, ஸ்ட்ரெச்சரை விரிக்காமலே திரும்பிப் போனார்கள்.

தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நின்றது. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போயிருந்த தங்கமாரி, யூனிபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டை ஆட ஓடிவந்தாள். வாசலில் நின்ற யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்க் கண்ணாடிப் பெட்டிமேல் விழுந்தாள்.

"மாமா! காலைல டீ குடுத்துட்டுத்தான போனேன்! சாயங்காலம் வண்டியில போவோம்னு சொன்னீயளே மாமா!"

பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். பெத்த பொண்ணுகூட இப்படிப் பார்த்துக்காது என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவள் வாயில் வைத்தாள். சுப்பிரமணி சுவரோரம் நின்று பார்த்தான். பெத்த பிள்ளை அவன்தான். விடிந்ததிலிருந்து அவனுக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அப்பா செத்துக் கிடக்கிறார், இப்போதும் அவளைப் பார்த்து இப்படி நினைக்கிறோமே என்று அவனுக்கே அருவருப்பாக இருந்தது. இருந்தும் நினைத்தான்.

சற்று நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். "ஏன் இன்னும் பந்தல் போடல?"

"காரை எடுக்கணும்க்கா" என்றான் அய்யாத்துரை. "சாவி உங்ககிட்ட இருக்குன்னு அண்ணன் சொன்னாவ."

தங்கமாரி புருஷனைப் பார்த்தாள். உள்ளே போய் ஃப்ரிட்ஜ் மேலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீயே எடும்மா" என்றாள் கிளியம்மாள் வெள்ளந்தியாக. "அவன் ஓட்டினா இன்சூரன்ஸு செல்லாதாமே. அதாங்காட்டியும் காலைல எங்க அண்ணன இட்டுனு போவல."

தங்கமாரி பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவர் செருப்பைத் தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். உள்ளே ஐஸ் பெட்டியின் மோட்டார் இரைந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனும் பதிலுக்கு நாலு வார்த்தை கத்தியிருப்பான். கிட்டே வந்து, அவனுக்கு மட்டும் கேட்கிறாற்போல் கேட்டாள்.

"என்னைய வேலைக்கு ஏத்திட்டுப் போவீயளே, அந்த வேன் யாரு பேர்ல இருந்துச்சு?"

அவன் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போடக் கை நீட்டினான்.

அவன் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்தாள். "எடுங்க" என்றாள். திரும்பிப் பார்க்காமல் மாமனாரிடம் போய் உட்கார்ந்தாள்.

சுப்பிரமணி கதவைத் திறந்து ஏறினான். முட்டி இடித்தது. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினான். ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், மறு பக்கம் மூடாத கால்வாய், நடுவே வந்தவர்களின் பைக்குகள். கண்ணாடியை ஒரு பார்வை பார்த்தான். கை தானாகத் திரும்பியது. முன்னும் பின்னும் அலையாமல், எதிலும் உரசாமல், வண்டி ஒரே வீச்சில் பின்னால் போய், வளைந்து, மெயின் ரோட்டோரம் நின்றது.

"அடேங்கப்பா!" அய்யாத்துரை கம்பை ஊன்றிக்கொண்டே குரல் கொடுத்தான். "ஒரு நிமிசங்கூட ஆவலயே அண்ணே!"

படியில் இருந்த கிளியம்மாள் எழுந்து நின்றாள். காரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சுப்பிரமணி இறங்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.