நாற்பத்தெட்டு அடி

அம்மாவைப் புதைத்த ஆறடி மண்ணுக்கு அரசாங்கம் போட்ட விலை, எங்கள் கடையில் ஒரு சுருள் நைலான் கயிற்றின் விலை. நடுத்தரச் சுருள். பேரத்துக்கு இடமில்லை என்று நஷ்டஈட்டுக் கடிதத்தில் எழுதவில்லை, எழுதாமலே புரிந்தது.

கடலுக்கும் கழிமுகத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்திட்டு எங்கள் ஊர். கரையோரம் வலைக்காரர்கள், கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் உப்பளத்துக்காரர்கள், நடுவில் இரண்டு பேருக்கும் கயிறும் சாக்கும் விற்கிற நாங்கள். வெயில் அடித்தால் உப்பு விளையும், காற்று அடித்தால் கயிறு அறும். எப்படியும் எங்களுக்கு வியாபாரம். கடலை நாங்கள் ஒரு பழைய வாடிக்கையாளராகத்தான் நினைத்திருந்தோம்.

வடக்கே துறைமுகத்துக்குக் கல் கொட்டிய பிறகு, மணல் எங்கள் பக்கம் வருவது நின்றது. கரை கரையத் தொடங்கியது. மழை மாதங்களில் மூன்று தடவை தண்ணீர் எங்கள் சமையலறைக்குள் வந்து, சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புக்கோடு போட்டுவிட்டுப் போனது.

அப்போதுதான் அளவுக்காரர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. அளக்க வருகிறவன் வாங்க வருகிறவன் என்பது எங்கள் தெருவின் கணக்கு. யாரோ பெரிய கம்பெனி நிலம் கேட்கிறது என்று அப்பா முடிவு செய்தார். முதல் நாளே என்னைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். உப்புக்கோட்டின் மேல் இரண்டு பூச்சு நான்தான் அடித்தேன், கோணலில்லாமல்.

அளவுக்காரர் பின்வாசலில் நின்று நாடாவைப் பிடித்தார். வாசற்படியிலிருந்து அலைவரை நாற்பத்தெட்டு அடி. நடுவில் அம்மாவின் சமாதி.

"வீட்டுக்குள்ள தண்ணி ஏறுமா?" என்று கேட்டார்.

"இந்த வீட்டுலயா? ஒரு சொட்டு வந்ததில்ல சார். சுவரைத் தொட்டுப் பாருங்க, அப்பளம் மாதிரி காஞ்சு கெடக்கு" என்றார் அப்பா.

அக்கா வாயைத் திறக்கப் போனாள். அப்பா ஒரு பார்வை பார்த்தார். கடைக்கு ஆள் வந்திருக்கும்போது சரக்கின் குறையை நம் வாயால் சொல்லக்கூடாது என்ற பார்வை. சின்ன வயதிலிருந்து அந்தப் பார்வையில்தான் நாங்கள் வளர்ந்தோம். அக்கா அடங்கிவிட்டாள். சொன்னதை அளவுக்காரர் எழுதிக்கொண்ட தாளில் அப்பா கையெழுத்தும் போட்டார்.

பக்கத்து வீட்டு வலைக்காரருக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஈரச்சுவரைக் காட்டினார், நனைந்த பாயைக் காட்டினார், அழவும் செய்தார். மனுஷனுக்கு விற்கவே தெரியவில்லை என்று அப்பா அன்று சாப்பிடும்போது சிரித்தார்.

நாலு மாதத்தில் லாரிகள் வந்தன. கரை நெடுகக் கல்சுவர் எழுந்தது, தண்ணீர் ஏறுகிற வீடுகளுக்கு மட்டும். வலைக்காரர் வீட்டோடு சுவர் முடிந்தது. சுவரில் மோதிய அலை, அது முடிகிற இடத்தில் திரும்பி எங்கள் மண்ணைத் தோண்டியது.

அப்பா அலுவலகத்துக்கு ஓடினார், நானும் கூடப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சரக்கைத் தானே மட்டம் தட்டினார். வீடு ஓதம் பிடித்தது, சுவர் உதிர்கிறது, தரை உள்வாங்குகிறது. எல்லாம் உண்மை. ஆனால் அவர் சொன்ன விதத்தில் பொய் மாதிரி இருந்தது, பழக்கமில்லை.

குமாஸ்தா தாளைத் தேடி எடுத்தார். "ஒரு சொட்டு வந்ததில்லைன்னு எழுதியிருக்கே. கீழ கையெழுத்து யாரோடது, பெரியவரே?"

"என்னோடதுதான்." தாளைக் குமாஸ்தா பக்கமே தள்ளினார். "அது வியாபாரத்துக்குச் சொன்னதுங்க."

அம்மாவை மேட்டுக்கு மாற்றிவிடலாம் என்று ஆள் பேசினோம். அந்த வாரமே கடல், கூலி எதுவும் பேசாமல், வேலையை முடித்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் தண்ணீர் சாதாரணமாக வந்து போய்க்கொண்டிருந்தது.

அக்கா சத்தம் போடவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"அன்னிக்கு யாருப்பா வாங்க வந்தா?"

அப்பா கடைக்குள் போய் ஒரு கயிற்றுச் சுருளை அவிழ்த்தார். நானும் பின்னாலேயே போனேன். சுண்ணாம்பு அடித்த கை என்னுடையது.

இப்போது தினமும் விடிந்ததும், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றை எடுத்துக்கொண்டு அப்பா பின்வாசலுக்குப் போகிறார். திரும்பி வந்து கடை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறார். நேற்று அவர் எழுந்து போனதும் பார்த்தேன். கடல், முப்பத்தொன்று. அவள், ஆறு. மீதி, பதினொன்று.

கூட்டிப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. கணக்கு சரியாக இருந்தது.