ஃபாபியானாவின் இரட்டையர்

சான்டா ரீட்டா சர்க்கரை ஆலையின் பேஸ்பால் லீகில் ஆடி அமெரிக்காவின் மேஜர் லீகுக்குப் போனவர்கள் ஏழு பேர். போவதற்காக அவர்கள் பிறப்புச் சான்றிதழில் குறைத்துக்கொண்ட வயதெல்லாம் வீட்டிலிருந்த வேறொருவர் மேல் ஏறியது. ஒரு வீட்டில் அத்தைக்குப் பல் கொட்டியது, இன்னொரு வீட்டில் கழுதை கிழடாகிப் போனது. கழுதைதானே என்று மற்றவர்களும் துணிந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையனை அமெரிக்கக்காரன் ஏறெடுத்தும் பார்க்கமாட்டான்; பதினாறு என்றால் கட்டித் தழுவிக்கொள்வான்.

ஃபாபியானா பெற்ற இரட்டையர் எலாதியோவும் ஒனேசிமோவும். பந்து வீசுவதில் ஒனேசிமோதான் கெட்டிக்காரன் என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஆனால் பையன்களைத் தேடி தரகர் சாகோ வந்த வாரம் பார்த்து அவனுக்கு டெங்குக் காய்ச்சல். இரண்டு பேருக்கும் வயதைக் குறைத்தால் மாட்டிக்கொள்வோம் என்றார் தரகர். ஒனேசிமோ கட்டிலில் கிடந்தபடியே, "நீ போடா. அடுத்த வருஷம் நான் வந்துடுறேன்" என்றான். ஒரே நாளில் பெற்ற பிள்ளைகளில் ஒருவன் மூன்று வருடம் கழித்துப் பிறந்தான் என்று ஃபாபியானா அதிகாரி முன்னால் சத்தியம் செய்தாள்.

மற்ற வீடுகளில் குறைத்த வயதோடு நின்றது. இவர்கள் இரட்டையர் என்பதால் நிற்கவில்லை. எலாதியோ அங்கே அப்படியே இளமையாக இருக்க, இங்கே ஒனேசிமோவுக்கு வருடத்துக்குப் பல வயது ஏறியது. அடுத்த வருடம் சாகோ வந்தபோது ஒனேசிமோவுக்குக் காதோரம் முழுக்க நரைத்திருந்தது. "பையனக் கூட்டிட்டு வாங்கன்னா அவன் மாமனக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?" என்று சிரித்துவிட்டு அவர் வண்டியில் ஏறினார். ஒனேசிமோ மறுநாள் கரும்பு வெட்டப் போனான். சில வருடங்களில் குனிந்து வெட்டவும் முடியாமல் மளிகைக் கடை வாசலில் டொமினோ ஆட உட்கார்ந்தான். எலாதியோவின் உடற்கட்டை அமெரிக்கப் பத்திரிகைகள் புகழ்ந்துகொண்டே இருந்தன.

ஒரு ஜூன் மாதம் எலாதியோ ஒனேசிமோவுக்குப் போன் செய்தான். தந்தையர் தினத்தன்று ஆட்டக்காரர்களின் அப்பாக்கள் ஆட்டம் தொடங்கும் முன் மரியாதைக்கு முதல் பந்தைப் போடுவது வழக்கமாம். இரட்டையரின் அப்பா ஆலைக் கொதிகலனில் எப்போதோ செத்துப் போயிருந்தார்.

"உன்ன என் அப்பான்னு சொல்லித்தான் விசா வாங்கணும். கோவிச்சுக்காதடா."

"மைதானத்துல பந்து போட விடுவாங்கல்ல? அப்ப தாத்தான்னு வேணும்னாலும் சொல்லிக்க" என்றான் ஒனேசிமோ.

கடைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். கிழவர் தள்ளாடி வந்து பந்து வீசும் மேட்டில் ஏறியதும் கூட்டம் சிரித்தது. எலாதியோ கையுறையோடு எதிரே குந்தினான். அந்த வலது கைக்கு மட்டும் வயதாகவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பந்து போனதை யாரும் பார்க்கவில்லை. கையுறையில் விழுந்த சத்தம்தான் கேட்டது. சிரிப்பு நின்றது. எலாதியோ கையை உதறிக்கொண்டே ஓடிவந்தான், கண்ணெல்லாம் தண்ணீர். யாரோ ஒலிவாங்கியை நடுவில் நீட்டினார்கள்.

"எப்பிடிடா இருந்துச்சு?" என்று கேட்டார் ஒனேசிமோ.

எலாதியோ ஒலிவாங்கியைப் பார்த்தான். "நல்லா போட்டீங்கப்பா."

கடையில் ஃபாபியானா எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒனேசிமோ திரும்பி வந்த நாளிலிருந்து எலாதியோவை மகன் என்றுதான் சொல்கிறார். நாங்களும் பழகிக்கொண்டோம். அவர் இப்போது தன் அம்மாவைவிட மூத்தவர். காலையில் ஃபாபியானா காப்பியை ஆற்றிக் கொடுத்து, கைத்தடியை எடுத்து நீட்டி, பார்த்துப் போடா என்கிறாள்.