படுத்துப் பார்த்தால் ஏரி

ஓனி நீட்டிய கரண்டியை ஹெல்வி உதட்டாலேயே தள்ளிவிட்டாள். புளூபெர்ரிக் கஞ்சி அவள் மோவாயில் நீலக் கோடாக வழிந்தது.

"போதும்டா. நாலு நாளா இதையேதான் ஊத்துறாங்க. நாக்கே நீலமாயிடுச்சு."

"இன்னும் ரெண்டே கரண்டிக்கா."

"நீ குடி. மரமில்லுக்குப் போறத நிறுத்துனதுலேருந்து நீயும் காஞ்சு போய்த்தான் கிடக்குற."

அவன் துவாலையால் அவள் மோவாயைத் துடைத்தான். ஹெல்விக்கு எழுபத்து நான்கு வயது. இதயம் களைத்துவிட்டது, இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையில்தான் அவனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவளுக்கென்று இருந்தது பத்து வயது இளைய இந்தத் தம்பி மட்டும்தான்.

இந்த ஆஸ்பத்திரியைக் கட்டியவள் அவள். பெண்கள் கட்டடக்கலை படிக்கத் தனி அனுமதி கேட்டு மனுப் போட வேண்டியிருந்த காலத்தில் ஹெல்சிங்கிக்குப் போய்ப் படித்தவள். அதன் பிறகு இருபது வருடம் யார் யாருடைய அலுவலகத்திலோ வரைந்தாள். அந்த வரைபடங்களின் அடியில் ஆண்களின் பெயர்கள்தான் இருந்தன. அவள் பெயரைத் தாங்கிய முதல் கட்டடம் இதுதான்.

ஓனியோ இந்த வாரம்வரை முப்பத்திரண்டு வருடமாக இதற்குள் காலெடுத்து வைத்ததில்லை. அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கேதான் பிறந்தார்கள். அப்போதும் அவன் வெளிக்கதவோடு நின்றுகொண்டான்.

எல்லாம் ஜன்னலால் வந்தது. நோயாளிகளின் அறைகளில் ஜன்னலைக் கட்டில் உயரத்துக்கு இறக்கி வரைந்திருந்தாள் ஹெல்வி. குளிர் உள்ளே வரும், விறகு அதிகம் செலவாகும் என்று கட்டடக் குழுவில் இருந்த பதினோரு ஆண்களும் ஒரே குரலில் மறுத்தார்கள். அவள் எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, கறுப்புப் பாவாடையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, நகரமன்றத் தரையில் மல்லாந்து படுத்தாள்.

"இங்கேருந்து பாத்தா எனக்கு மேற்கூரை தெரியுது. உங்க மூக்கு ஓட்டை தெரியுது. சாகப்போறவங்களுக்கு இதைத்தான் காட்டப்போறீங்களா?"

ஜன்னல் இறங்கியது. ஆனால் அன்று மாலையே கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மரமில்லில் ஓனியைப் பார்த்ததும், "என்னப்பா, உங்கக்கா இன்னிக்கு எங்க படுத்தா?" என்பார்கள். ஒருவனை அவன் மரக்கட்டையால் அடிக்கப் போனான். மற்றவர்களிடம் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஓனி," என்றாள் ஹெல்வி. "அந்தக் கட்டில் காலியாத்தானே இருக்கு? படுத்துப் பாரு."

"விளையாடாதக்கா. நர்சு வந்தா திட்டும்."

"திட்டட்டும். படு."

அவன் கதவைப் பார்த்தான். பிறகு பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த கட்டிலில் தயங்கித் தயங்கிச் சாய்ந்தான். தலையணையில் தலை பட்டதும் ஏரி முழுவதும் கண்ணுக்குள் வந்தது. மார்ச் மாத வெயிலில் பனிக்கட்டி வெள்ளையாய்ப் பரந்து கிடந்தது. நடுவில் ஒருவன் துளை போட்டு, முக்காலியில் குந்தி மீன் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஓனி தலையணையைச் சரிசெய்துகொண்டு ஏரியையே பார்த்தான்.

"திறப்பு விழாவுக்கு நான் வரல," என்றான் ஓனி.

"மில்லுல வேலைன்னு சொன்னியே."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமைடா அது."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஹெல்விக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் அது சிரிப்புதான் என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஏரியில என்ன செய்றான் அவன்? எனக்கு மங்கலாத் தெரியுது."

"தூண்டில இழுக்குறான். ஏதோ மாட்டியிருக்கு. சின்ன மீனுதான். ச்சே, திரும்ப உள்ளயே விட்டுட்டான். இப்ப பிளாஸ்கத் திறக்குறான். காப்பி. நமக்கும் ஒரு வாய் தந்தா ஆகாதாக்கா? மறுபடியும் துளைகிட்ட குனியறான்..."

அவன் சொல்லிக்கொண்டே போனான். பதில் வரவில்லை என்பது கொஞ்ச நேரம் கழித்தே உறைத்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மீன்பிடிக்கிறவன் குனிகிறான், நிமிர்கிறான் என்று இன்னும் சிறிது நேரம் சொன்னான்.

நர்ஸ் மிர்யா உள்ளே வந்தாள். "ஐயா, அந்தக் கட்டில்ல..." என்று தொடங்கியவள், அடுத்த கட்டிலைப் பார்த்து நிறுத்தினாள். ஹெல்வியின் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். திறந்திருந்த இமைகளை மூடிவிட்டாள். பிறகு, போன உயிருக்கு வழிவிடும் ஊர் வழக்கப்படி, ஜன்னலின் மேல்சட்டத்தைத் திறந்துவிட்டாள். குளிர் மெல்ல உள்ளே இறங்கியது.

ஓனி எழப் போனான். "வேணாம், படுத்துக்கங்க," என்றாள் அவள். படிவத்தை நிரப்ப அவன் பக்கத்தில் வந்து நின்றாள். பெயர், பிறந்த தேதி எல்லாம் அவளே எழுதிவிட்டாள்.

"என்ன வேலை பாத்தாங்க?"

"கட்டடக் கலைஞர்."

"அப்படியா! நம்ம ஊர்ல ஏதாவது கட்டியிருக்காங்களா?"

ஓனி கட்டிலருகே சுவரைத் தொட்டு, "இதைத்தான்" என்று சொன்னான்.

மிர்யா பேனாவை மூடினாள். சுவரை, கதவை, ஜன்னலை ஒருமுறை பார்த்தாள். வராந்தாவில் எங்கோ ஒரு மணி அடித்தது. அவள் போகவில்லை. கட்டில்களுக்கு நடுவே இருந்த முக்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

ஏரியில் அந்த மனிதன் சாமான்களைச் சறுக்குவண்டியில் கட்டி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினான். அவன் மரங்களுக்குள் மறையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.