ஊறுகாயில் காரீயம்

சாந்தினிக்கு அந்தச் சுடரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. பாயான் லெப்பாஸில் இருக்கும் உணவுப் பரிசோதனைக்கூடத்தில் பதினாறு வருஷமாக அவள்தான் அதைப் பற்றவைக்கிறாள். கருவி ஒன்றும் மாயமில்லை. மெல்லிய குழாய் கரைசலை உறிஞ்சிச் சுடரில் தூறலாகத் தெளிக்கும். சுடர் அதை அணு அணுவாகப் பிரிக்கும். ஒரு பக்கம் காரீயத்துக்கே உரிய ஒளியைத் தரும் காரீய விளக்கு எரியும். சுடரில் காரீய அணு இருந்தால் அந்த ஒளியை விழுங்கும். மறுபக்கம் எவ்வளவு ஒளி குறைகிறதோ, அவ்வளவு காரீயம்.

சனியன் பிடித்தது உப்புதான். உப்பு மிகுந்தால் அது சுடரில் பொடிப்பொடியாக மிதந்து ஒளியைச் சும்மா மறைக்கும். கருவி அதையும் காரீயம் என்றே எண்ணிக்கொள்ளும். அந்த மறைப்பைக் கழிக்கத்தான் டியூட்டிரியம் விளக்கு என்று இன்னொன்று. போன மாதம் அது சாகக் கிடந்தது. புதிது கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போய், கருவியின் திரையில் எச்சரிக்கை வந்தபோதெல்லாம் ‘சரி’ என்று தட்டிவிட்டு வேலையை ஓட்டினாள்.

இன்று புது விளக்கு வந்தது. மனசு கேட்காமல், போன மாதம் காரீயம் இருப்பதாக அவள் அறிக்கை கொடுத்த ஊறுகாயின் மிச்சத்தை மறுபடி சோதித்தாள். காரீயம் துளியும் இல்லை. எழுந்து மேலாளரிடம் போய்ச் சொன்னாள்.

மேலாளர் லோகேஸ்வரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “போன்ல சொல்லிருங்க லா. ரிப்போர்ட்ட மாத்துனா உங்க பேருதான் மொதல்ல அடிபடும்.”

ஆயர் ஈத்தாமில் ஊறுகாய் போட்டு விற்கும் தனலெட்சுமியை அழைத்தாள். “அக்கா, உங்க ஊறுகாய்ல ஒன்னும் இல்ல. தப்பு எங்க மேலதான்.”



“மருமக வாயும் வயிறுமா இருந்தப்ப ஆசையா அதத்தான் சாப்பிட்டா. நான் பிள்ளைக்கு வெஷம் குடுத்துட்டேன்னு சொல்லி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பேரன் பொறந்து பத்து நாளாச்சு, இன்னும் மூஞ்சியக் காட்டல.”

“நான் அவங்ககிட்ட பேசட்டுமா அக்கா?”

“பேசுனா நம்ப மாட்டாம்மா. நான் பேசாத பேச்சா? அவ நம்புனது உங்க காகிதத்த.” குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சாந்தினியை அறுத்தது.

வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. இருந்தும், முந்தைய அறிக்கை தவறு என்று புது அறிக்கை தட்டச்சு செய்தாள். காரணம் என்ற இடத்தில் பழைய விளக்கின்மேல் பழியைப் போடலாம், அது பொய்யுமில்லை. ‘எச்சரிக்கையைப் பார்த்தும் நான் சோதனையைத் தொடர்ந்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

பிறகு மறுபடி அழைத்தாள். “அக்கா, மருமகளோட அம்மா வீடு எங்க இருக்கு? திருத்தின காகிதத்த நானே கொண்டுபோய்க் குடுக்குறேன்.”