நீலக்கண்ணாடி

உலை மேடைப்படி ஏறுவதற்குள் கெதின் ப்ராஸருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. அவருடைய எஃகு ஆலை நாளை நியூயார்க்காரர்கள் கைக்குப் போகிறது. அதற்கு முன் ஒரே ஒரு உலை எஃகைத் தானே சுடர் பார்த்து இறக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது மேனேஜர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். முதலாளியின் ஆசைக்கு யார் குறுக்கே நிற்பார்கள்? ஆனால் ஆசை உலைமேல் இல்லை. மேடையில் சுடர் பார்க்கும் இத்வல் பேனன் வாயிலிருந்து பழையபடி ஒரு "டேய்" கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

இருவரும் வேல்ஸிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள். பென்சில்வேனியாவில் ஒரே கட்டிலில் முறை வைத்துத் தூங்கியவர்கள். ஒருவன் வேலைக்குப் போனால் மற்றவன் அதே சூட்டில் படுப்பான். கெதின் முதலாளியான பிறகும் இத்வலின் வாய் அடங்கவில்லை. "கண்ணு எங்கடா மேயுது கெதின்?" என்று ஆலைக்கே கேட்கும்படி கத்துவான். ஆறு வருடத்துக்கு முன் வேலைநிறுத்தம் வந்தது. சங்கத்தில் சேரமாட்டேன் என்று எழுதிக்கொடுத்தவனுக்குத்தான் வேலை என்றார் கெதின். வீட்டில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதினொரு வாரம் தாக்குப்பிடித்த இத்வல், கடைசி ஆளாக வந்து கையெழுத்திட்டான். அன்றிலிருந்து எல்லாம் "சரிங்க முதலாளி"தான்.

இன்று சுடரைப் பார்க்கத் தன் நீலக்கண்ணாடியை நீட்டும்போதும், "பாத்துங்க முதலாளி, பொறி பறக்கும்" என்றான்.

உருகிய இரும்பு நிறைந்த கலத்துக்குள் அடியிலிருந்து காற்று பாய்ந்தது. சுடர் எழுந்து, சிவந்து, வெளுத்துக் கூரையைத் தொட்டது. அது சட்டென்று தாழும் நொடியில், கலத்தைச் சாய்க்கச் சொல்லிக் கையைத் தூக்க வேண்டும். பிந்தினால் எஃகு கெட்டுவிடும். ஒரு காலத்தில் அந்த நொடி கெதினுக்குத் தூக்கத்திலும் தெரியும். இப்போது கண்ணில் புரை. கண்ணாடி வழியே பார்த்தும் எல்லாம் ஒரே வெளிறலாக இருந்தது. பக்கத்தில் இத்வல் இருமினான். சற்றுப் பொறுத்து மறுபடி இருமினான். அது தனக்கான சைகை என்று அப்போதுதான் உறைத்து, அவசரமாகக் கையைத் தூக்கினார்.

கலம் சாய்ந்தது. சுற்றி நின்ற யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பிந்திட்டேன்ல?" என்றார் கெதின்.

"இல்லீங்க. சரியான நேரந்தான்."

"பொய் சொல்லாத இத்வல். உருளையில வச்சுத் தகடா அழுத்துனதும் பாளம் பாளமா வெடிக்கப் போவுது. திட்டுடா. ஒரே ஒரு வாட்டி."

இத்வல் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "திட்டுற வாயையும் அந்தக் காகிதத்துலயே சேத்து எழுதிக் குடுத்துட்டேனுங்க" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கெதினுக்குத் தாங்கவில்லை.

படியிறங்கிப் பாதி முற்றம் வந்தபோது கோட்டுப்பையில் ஏதோ இடித்தது. நீலக்கண்ணாடி. மறதியில் எடுத்து வந்துவிட்டார். முன்பென்றால் இந்நேரம், "எவன்டா என் கண்ணாடிய லவட்டுனது?" என்று கூரை அதிர்ந்திருக்கும்.

பின்னால் அடுத்த உலைக்குக் காற்று பாயத் தொடங்கியது. திரும்பினார். அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு எதிரே இத்வல் ஒரு நிழலாகத் தெரிந்தான். நெற்றிக்கு உள்ளங்கையைக் குடையாக வைத்து, வெறுங்கண்ணால் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெதின் கண்ணாடியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அவன் கத்துவான் என்று அங்கேயே நின்றார்.